பழைய பத்மினிய யார்கிட்ட விடுறது? மெக்கானிக் தேடி அலைஞ்ச அனுபவம்

பழைய வண்டி வச்சிருக்கேன்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல கேக்கறது "ஸ்பேர்ஸ் கிடைக்குதா?"ன்னுதான். ஸ்பேர்ஸ் எப்படியாவது கிடைச்சிடும்ங்க. சென்னை புதுப்பேட்டைல பழைய ஸ்பேர்ஸ் கடைங்கள பொறுமையா சுத்துனா பாதி கிடைக்கும், மீதி மும்பைலேர்ந்து பார்சல்ல வரும், அதுவும் இல்லன்னா பழசைக் காட்டி லேத்துல கடைஞ்சு வாங்கிடலாம். கஷ்டம் எங்கன்னா வாங்கின சாமானை சரியா மாட்டற ஆளு, அதுக்கும் முன்னாடி அந்த சாமானை மாத்தணுமா வேணாமான்னு சரியா சொல்ற ஆளு, அவரைக் கண்டுபிடிக்கறதுலதான். என்கிட்ட இருக்கறது 1982 மாடல் பிரீமியர் பத்மினி கார், சித்தப்பா வாங்கி ஓட்டினது, அவருக்கு அப்புறம் என்கிட்ட வந்துச்சு. வீடு தாம்பரம் பக்கம். இந்த வண்டிய எங்க சர்வீஸ் விடலாம்னு அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன், அம்பாசடர், ஹெரால்டு வச்சிருக்கவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பத்மினிங்கறது இத்தாலியோட ஃபியட் 1100 தான், மும்பை குர்லால பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பண்ணாங்க. 1964ல ஃபியட் 1100 டிலைட்டுன்னு வந்தது, 1970கள்ல பிரீமியர் பிரசிடென்ட்னு பேர் மாறி அப்புறம் பத்மினி ஆச்சு, தொண்ணூறுகளோட கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அதே வண்டிதான் வந்துட்டிருந்துச்சு. 1089 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்பரேட்டர், டெல்கோவுக்குள்ள (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்) கரண்ட வெட்டி வெட்டி விடற பாயிண்ட் செட்டும், அந்த பாயிண்ட் கருகாம காக்கற கண்டென்சரும், ஸ்டியரிங் பக்கத்துலயே கை கியர், நாலு வீலுக்கும் டிரம் பிரேக். கம்ப்யூட்டர்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. அதனால வண்டிக்கு எதாவது வந்தா ஸ்கேனர மாட்டி கோடு படிக்க முடியாது, ஒரு மனுஷன் காதால கேட்டு, கைய வச்சுப் பாத்து, யோசிச்சு சொல்லணும். நீங்க ஒர்க்‌ஷாப்ப தேடல, யோசிக்கற ஒரு ஆளத் தேடறீங்க.

முதல்ல நான் போனது வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒரு பெரிய மல்டி பிராண்ட் சர்வீஸ் சென்டர். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மெஷின், எல்லாம் இருந்துச்சு. அங்க இருந்தவங்க மரியாதையா பேசினாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வண்டிய உள்ள எடுத்துட்டுப் போக வந்த பையனுக்கு கை கியர்ல ஃபர்ஸ்ட் எங்க இருக்குன்னு தெரியல, சோக் இழுக்கணும்னும் தெரியல. அது அவன் தப்பில்ல, அவன் பொறந்தப்போ இந்த வண்டி நம்ம ஊரு ரோட்டுலேர்ந்து கிட்டத்தட்ட போயிடுச்சு. எனக்கு பயமா இருந்தது வேற விஷயம். வண்டிய லிஃப்ட்ல தூக்கும்போது புது கார்களுக்கு வைக்கற மாதிரியே ரெண்டு பக்கமும் ஓரத்து தகட்டுக்கு அடியில கைய வைக்கப் பாத்தாங்க. பத்மினிக்கு தனியா சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ், நாப்பது வருஷம் மழைத்தண்ணி பட்டு துரு பிடிச்ச ஓரத்துல மொத்த எடையும் ஏறினா தகடு உள்ள அமுங்கிடும். நான் நிறுத்தச் சொல்லி ட்ராலி ஜாக்கி போட்டு சரியான எடத்துல தூக்க வச்சேன். அப்புறம் இன்ஜின் ஆயில், அவங்ககிட்ட இருந்தது 5டபிள்யூ-30, இந்த மாதிரி பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 இல்ல 20டபிள்யூ-40 ஊத்தணும், தண்ணி மாதிரி இருக்கற ஆயில ஊத்துனா தேஞ்ச பேரிங்ல பிரஷர் நிக்காது, சீல் இருக்கற எடமெல்லாம் கசியும். நான் கேட்டதும் "இது ஃபுல் சிந்தெடிக் சார், இன்னும் நல்லது"ன்னாங்க. அங்கயே முடிவு பண்ணிட்டேன், வீல் வாஷ் பண்ணி உள்ள வேக்கூம் போடறதுக்கு மட்டும் இங்க வரலாம், இன்ஜின தொட விடக் கூடாதுன்னு.

அடுத்து வந்ததுதான் என்னை நிறைய யோசிக்க வச்ச பிரச்சனை. வண்டி காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், நல்லாப் போகும், அரை மணி நேரம் ஓடினதும் மிஸ்ஸிங் ஆரம்பிக்கும், பிக்கப் போயிடும், அப்படியே நின்னுடும். கொஞ்ச நேரம் ஆற விட்டா மறுபடியும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும். இத ஒரு பழைய ஷெட்டுல காட்டினேன், நாப்பது வருஷமா அங்கயே இருக்காங்கன்னு நாலு பேர் சொன்ன எடம். பானட்ட தொறந்து ஆக்சிலேட்டர ரெண்டு தடவ முறுக்கிட்டு, சைலன்சர் புகைய பாத்துட்டு, "இன்ஜின் வேலை இருக்கு, போர் பண்ணணும், அறுபதாயிரம் ரெடி பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. போர்னா தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கறது. பிளக்க கழட்டல, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் நிக்குதுன்னு) பாக்கல, ஓட்டிப் பாக்கல. நான் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். இன்னொரு எடத்துல கார்பரேட்டர் போச்சு, புதுசு போடணும்னாங்க, அங்கயும் கழட்டிக்கூட பாக்கல.

அப்புறம் ஒரு ஆட்டோ ஸ்டாண்டுல டிரைவர் அண்ணன் ஒருத்தர் சொல்லி ஒரு பாய் கிட்ட போனேன். பேர் போர்டு கூட சரியா இல்லாத ஷெட்டு, வயசு எழுபது கிட்ட இருக்கும். அவரு பானட்டயே தொறக்கல, முதல்ல கேள்விதான் கேட்டாரு. "தம்பி, நிக்கும்போது பட்டுனு நிக்குதா, இல்ல இழுத்து இழுத்து நிக்குதா?" "டேங்க் நிறைய இருக்கும்போதும் நிக்குதா, கொறைவா இருக்கும்போது மட்டுமா?" "மழை பெஞ்ச அன்னைக்கு எப்படி ஓடுச்சு?" "நின்ன உடனே மூடியத் தொறந்து பாத்தீங்களா, பெட்ரோல் வாசனை வந்துச்சா?" "கடைசியா பாயிண்ட் மாத்தினது எப்போ, யாரு மாத்தினது?" இவ்வளவும் கேட்டுட்டு, "வாங்க ஓட்டிட்டு வருவோம், நிக்கட்டும்"னு பக்கத்துல ஏறி உக்காந்துட்டாரு. ஜிஎஸ்டி ரோட்டுல போய் வண்டி நிக்கற வரைக்கும் ஓட்டினோம். நின்னதும் இறங்கி, ஒரு பிளக் ஒயர கழட்டி, வேற ஒரு பிளக்க அதுல சொருகி, பிளக்க இன்ஜின் மேல படற மாதிரி வச்சுட்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. பொறி வந்துச்சு, ஆனா மஞ்சளா, மெலிசா வந்துச்சு. "பாத்தீங்களா, நீலமா சடக்குனு அடிக்கணும். பெட்ரோல் சைடு ஒண்ணுமில்ல, கரண்டு சைடுதான்"னாரு. டெல்கோ மூடியத் தொறந்தா பாயிண்ட் கருகிப் போயிருந்துச்சு. கண்டென்சர் சூடானதும் வேலை செய்யாம போகுது, ஆறினா திரும்ப வேலை செய்யுது, அதான் விஷயம். பாக்கெட்லேர்ந்து ஒரு பழைய கண்டென்சர எடுத்து மாட்டினாரு, பாயிண்ட்ட தேச்சு ஃபீலர் கேஜ் வச்சு கேப் செட் பண்ணாரு, ஓட்டிட்டே ஷெட்டுக்கு வந்தோம். அறுபதாயிரம் ரூபா வேலைன்னு சொன்னது ஒரு கண்டென்சர்ல முடிஞ்சுது.

இதச் சொல்றது அந்த ஷெட்டுக்காரங்கள திட்டறதுக்காக இல்ல. நாப்பது வருஷ அனுபவம்ங்கறது ஒண்ணு, கண்டுபிடிக்கற பழக்கம்ங்கறது வேறன்னு எனக்குப் புரிஞ்ச எடம் அது. அதுக்கு அப்புறம் எந்த மெக்கானிக்க பாக்கப் போனாலும் நான் கவனிக்கற முதல் விஷயம் இதுதான், அவரு எத்தனை கேள்வி கேக்கறாரு, எத்தனை நேரம் கழிச்சு ஸ்பேனர எடுக்கறாரு. டாக்டர்கிட்ட போனா நாக்க நீட்டச் சொல்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன்னு சொன்னா நாம ஒத்துக்குவமா? "போர் பண்ணணும்"னு யாராவது சொன்னா, சரி, கம்ப்ரஷன் கேஜ் வச்சுக் காட்டுங்கன்னு கேளுங்க. நாலு சிலிண்டர்லயும் ரீடிங் எடுக்கணும், நாலும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கான்னு பாக்கணும். ஒண்ணுல கம்மியா இருந்தா அந்த பிளக் ஓட்டையில கொஞ்சம் இன்ஜின் ஆயில விட்டு மறுபடி ரீடிங் எடுக்கணும். ரீடிங் ஏறுனா ரிங், போர் சைடு தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு ஒழுங்கா உக்காரல. வால்வுன்னா இன்ஜின் மேல மூடி மாதிரி இருக்கற ஹெட்ட மட்டும் இறக்கினா போதும், மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்ல. இந்த பரிசோதனை அரை மணி நேர வேலை. இந்த கேஜே இல்லாத ஷெட்டுல இன்ஜின் வேலை குடுக்காதீங்க, நான் குடுக்க மாட்டேன்.

ஷெட்டு எப்படின்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, வண்டி இல்லாம சும்மா ஒரு நாள் போங்க. சனிக்கிழமை வேணாம், நடுவார நாள்ல போங்க. வெளிய எத்தனை பழைய வண்டி நிக்குதுன்னு பாக்கறவங்க நிறைய பேரு, பழைய வண்டி நிறைய இருந்தா நல்ல மெக்கானிக்னு நினைச்சுக்கறாங்க. அந்த வண்டிங்க எத்தனை நாளா நிக்குதுன்னு பாருங்க. டயர்ல காத்து இல்லாம, கண்ணாடி மேல வேப்பிலை சருகு மக்கிப் போய், டேஷ்போர்டு இல்லாம மூணு நாலு வண்டி நின்னா அந்த ஆளு பிரிக்கத் தெரிஞ்சவரு, மாட்டி முடிக்காதவரு. சில ஷெட்டுல அது ஓனர் காசு குடுக்காம விட்டதாவும் இருக்கும், அதனால அங்க டீ சாப்பிட்டுட்டே கேளுங்க, "இந்த அம்பாசடர் யாருது, என்ன வேலை நடக்குது?"ன்னு. பதில் தெளிவா வந்தா பிரச்சனை இல்ல. கழட்டின நட்டு போல்ட்ட எங்க போடறாங்கன்னும் பாருங்க. ஒரு டப்பால, ஒரு தட்டுல, கவர்ல போட்டு பேர் எழுதி வச்சா நல்ல கை. தரையில ஆயிலோட கொட்டிக் கிடந்தா உங்க வண்டிக்கும் அதே கதிதான்.

பிரேக் விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு. பழைய பத்மினில பிரேக் லைன் ஒரே சர்க்யூட்தான், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினா மொத்த பெடலும் தரை வரைக்கும் போயிடும், புது வண்டி மாதிரி மிச்சம் ரெண்டு வீலாவது பிடிக்கும்ங்கறது இல்ல. அதனால பிரேக் வேலை தெரிஞ்சவரான்னு நான் ஒரே ஒரு விஷயத்த வச்சுப் பாப்பேன், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர பிரிச்சதும் எதுல கழுவறாருன்னு. பெட்ரோல்லயோ மண்ணெண்ணெயிலயோ கழுவி அப்படியே ரப்பர் கப்ப மாட்டினா உடனே வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. பெட்ரோலியம் எண்ணெய் பட்டா பிரேக் ரப்பர் ஊதிடும், கொஞ்ச நாள்ல பிரேக் பிடிச்சுக்கிட்டே நிக்கும், இல்ல ஒழுக ஆரம்பிக்கும். பிரேக் ஆயிலாலயே கழுவணும், இல்லன்னா ஸ்பிரிட். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற வஸ்து, நம்ம ஊரு கடற்கரைக் காத்துல கேக்கவே வேணாம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா மாத்திடணும், ஓட்டினாலும் சரி ஓட்டலன்னாலும் சரி. இதோட இன்னொண்ணு, பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், டிரம்ம கழட்டினதும் ஏர் அடிச்சு தூசிய ஊதறத பல எடத்துல பாக்கறேன், அந்த தூசிய மூச்சுல வாங்கறது அங்க வேலை கத்துக்க வந்த சின்னப் பையன். தண்ணியில நனைச்சு துணியால துடைக்கச் சொல்லுங்க. நம்ம வண்டிக்காக ஒரு பையன் நுரையீரல் கெடக் கூடாது.

தெர்மோஸ்டாட்டும் (இன்ஜின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம தடுக்கற வால்வு) ஒரு நல்ல பரீட்சை. "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்"னு கழட்டித் தூக்கி எறியற மெக்கானிக் நிறைய. ஹீட் ஆகுதுன்னா காரணம் ரேடியேட்டர் உள்ள உப்பும் துருவும் அடைச்சிருக்கும், ஃபேன் பெல்ட் லூசா இருக்கும், பொறி வர்ற டைமிங் தள்ளியிருக்கும், வாட்டர் பம்ப் தேஞ்சிருக்கும், அத கண்டுபிடிக்காம தெர்மோஸ்டாட்ட எடுத்தா காரணம் அப்படியே இருக்கும், இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்கு சூடாகாம பெட்ரோல் அதிகமா குடிச்சு சிலிண்டரும் தேயும். பத்மினியோட ஹெட் அலுமினியம், ஒரு தடவ நல்லா ஹீட் ஆயிட்டா வளைஞ்சிடும், அப்புறம் ஹெட் ஃபேஸிங், கேஸ்கெட்னு இழுத்துட்டே போகும். ஹெட் நட்ட டைட் பண்ணும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு, நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ஒரே மூச்சுல இல்லாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். என்ன பழக்கப்பட்ட கையா இருந்தாலும் அங்க டார்க் ரெஞ்ச் வேணும்ங்கறது என் கருத்து, பாய் கூட அத ஒத்துக்கிட்டாரு, அவர்கிட்ட ஒண்ணு இருக்கு, எண்ணெய் துணியில சுத்தி தனியா வச்சிருப்பாரு.

அம்பாசடர்காரங்களுக்கு ஒரு வரி. உங்க பழைய 1489 சிசி இன்ஜினோட ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு சீட்டு அந்த இரும்புலயே வெட்டினது. பெட்ரோல்ல ஈயம் இருந்த வரைக்கும் அது சீட்ட காப்பாத்துச்சு, 2000 பிப்ரவரிலேர்ந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான், நீண்ட நேரம் வேகமா ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு உள்ள இறங்கிட்டே போகும், டேப்பட் கேப் (வால்வுக்கு விடற சின்ன இடைவெளி) தானா கொறையும். ஹெட்ட இறக்கற வேலை எப்படியும் வந்தா அப்போவே கடினமான சீட்டு வளையம் போட்டுடுங்க. இத நீங்க சொல்லாமயே சொல்ற மெக்கானிக் கிடைச்சா விடாதீங்க.

இப்போ புதுசா ஒரு கேள்வியும் சேத்துக்கிட்டேன், இ20 பெட்ரோல். பம்புல இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம்ம வண்டியோட பெட்ரோல் ஹோஸ், மெக்கானிக்கல் பம்போட டயாஃப்ரம், கார்பரேட்டர் ரப்பர் எல்லாம் அதுக்காக செஞ்சதில்ல. எத்தனால் தண்ணிய இழுக்கும், ரொம்ப நாள் நிறுத்தி வச்சா டேங்க் அடியில தண்ணி சேந்து துரு பிடிக்கும், பழைய டேங்க்ல ஒட்டியிருக்கற பிசின இளக்கி கொண்டு வந்து கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட்ட அடைக்கும். "இ20க்கு என்ன பண்றீங்க அண்ணே?"ன்னு கேளுங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு பதில், "உங்க வண்டி ஓடவே ஓடாது, மாத்திடுங்க"ன்னு இன்னொரு பதில், ரெண்டுமே யோசிக்காம வர்றது. நல்ல ஆளு ஹோஸ எத்தனாலுக்கு தாங்கறதா மாத்தச் சொல்வாரு, பம்ப் டயாஃப்ரம் ஒண்ணு கையில ஸ்பேர் வச்சுக்கச் சொல்வாரு, வெளிய தெரியற மாதிரி ஒரு ஃபில்டர் போடுவாரு, பிளக் நிறம் வெளுத்திருந்தா மெயின் ஜெட்ட ஒரு சைஸ் பெருசாக்கலாமான்னு பாப்பாரு, ஏன்னா எத்தனால் கலந்தா அதே ஜெட்டுல கலவை மெலிசாகும். மாசக்கணக்குல வண்டிய பெட்ரோலோட நிறுத்தாதீங்கன்னும் சொல்வாரு. வெயில் காலத்துல டிராஃபிக்ல நின்னா பெட்ரோல் லைன்லயே ஆவியாகி வண்டி நிக்கறது பத்மினிக்கு ஆரம்பத்துலேர்ந்தே உள்ள வியாதி, பம்ப் மேல ஈரத்துணி போடற வைத்தியம் எல்லா பழைய டிரைவருக்கும் தெரியும், எத்தனால் வந்தப்புறம் அது எனக்கு இன்னும் கூடியிருக்கு.

எல்லா வேலையும் ஒரே கூரைக்கு அடியில முடியணும்ங்கற ஆசைய விட்டுடுங்க. பழைய வண்டிக்கு அது நடக்காது. இன்ஜின் பாக்கறவரு ஒருத்தரு, டைனமோ, செல்ஃப், ஒயரிங்குக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரு, டிங்கரிங் பெயிண்டிங் தனி, லேத்து தனி, ரேடியேட்டர் தனி, சீட்டு வேலை தனி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா சீட்டு, பீடிங், ரப்பர் எல்லாம் பாக்கலாம். இன்ஜின் ஆளு நல்லவரா அமைஞ்சா மத்தவங்கள அவரே காட்டுவாரு, "என்கிட்ட ஒயரிங் வேணாம் தம்பி, அங்க போங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அவர்மேல எனக்கு நம்பிக்கை கூடுது. எல்லாம் நானே பண்ணிடறேன்னு சொல்றவர்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஒயரிங்ல முக்கியமா ஒண்ணு, வெளிச்சம் பத்தலன்னு ஹெவி பல்பு மட்டும் மாத்தி விடுவாங்க, பழைய ஒயரும் சுவிட்சும் அந்த கரண்ட தாங்காது, சூடாகி இளகும், ரிலே போட்டு பேட்டரிலேர்ந்து நேரா தனி லைன் இழுத்து ஃபியூஸும் போடச் சொல்லுங்க. பழைய வண்டிங்க தீப்பிடிக்கறதுக்கு ஒழுகற பெட்ரோல் ஹோஸும் இந்த மாதிரி ஒட்டு ஒயரிங்கும்தான் காரணமா இருக்கு.

மாடலுக்கு மாடல் வேலை வேறங்கறதுக்கு என் நண்பரோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு நல்ல உதாரணம். அது நம்ம ஊரு வண்டி, வண்டலூர்கிட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரில செஞ்சது, 1961ல ஆரம்பிச்சாங்க. பானட் மொத்தமா முன்பக்கம் சாயும், அவ்வளவு அழகா இன்ஜின்கிட்ட போகலாம், பத்மினிக்கு இல்லாத தனி சேஸிஸும் உண்டு. அதுல முன் சஸ்பென்ஷன்ல கீழ டிரன்னியன்னு ஒரு பாகம் இருக்கு, அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90ம் நம்பர் கியர் ஆயில்தான் போகணும். கிரீஸ் அடிச்சா அது உள்ள கெட்டியாகி மரை வரைக்கும் எண்ணெய் போகாது, தண்ணி இறங்கி துரு பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்துல அதுல மாட்டியிருக்கற தண்டு முறிஞ்சு வீல் மடங்கிடும். ஆனா நிப்பிள் இருந்தா கிரீஸ் கன்ன வைக்கறது எல்லா மெக்கானிக்குக்கும் கை பழக்கம். நண்பரு புது ஷெட்டுக்குப் போனா இந்த ஒரே கேள்விதான் கேப்பாரு, டிரன்னியனுக்கு என்ன அடிப்பீங்கன்னு. ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும், உங்க வண்டிக்கு அது என்னன்னு ஒர்க்‌ஷாப் மேனுவல படிச்சு தெரிஞ்சு வச்சுக்கோங்க. பழைய புத்தகக் கடைல, கிளப் ஆளுங்ககிட்ட மேனுவல் கிடைக்கும், ஜெராக்ஸ் போட்டு ஒண்ணு ஷெட்டுலயும் குடுத்துடுங்க, நான் குடுத்தத பாய் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்காரு.

கியர் பாக்ஸ் ஆயிலையும் சொல்லிடறேன், கடைக்காரர் ஜிஎல்-5ங்கற தரம்தான் லேட்டஸ்டு, அதான் பெஸ்டுன்னு குடுப்பாரு. பழைய கியர் பாக்ஸ்ல சின்க்ரோ ரிங் (சத்தமில்லாம கியர் விழ வைக்கற வளையம்) பித்தளை, அந்த ஆயில்ல இருக்கற கந்தகச் சேர்க்கை பித்தளைக்கு ஆகாது, ஜிஎல்-4 கேட்டு வாங்குங்க. கேன்ல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுப் பாருங்க.

காசு விஷயம். புது மெக்கானிக்குன்னா முதல்ல சின்ன வேலை குடுங்க, ஆயில் மாத்தி, பாயிண்ட் செட் பண்ணி, டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணி, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கறது, அவ்வளவுதான். அதுல அவரு நேரத்துக்கு முடிக்கறாரா, சொன்ன காசுக்கு முடிக்கறாரா, சொல்லாத வேலைய பண்ணிட்டு பில்ல நீட்டறாரான்னு தெரிஞ்சிடும். பெரிய வேலைன்னா ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, லேபர் தனி, சாமான் தனி, லேத்து தனி. அட்வான்ஸ் மொத்தமா குடுக்காதீங்க, இன்ஜின் இறக்கினதும் கொஞ்சம், லேத்துலேர்ந்து வந்ததும் கொஞ்சம், ஓட்டிப் பாத்ததும் மீதி. கழட்டின பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு திருப்பிக் குடுக்கணும்னு முதல்லயே சொல்லிடுங்க, இது சந்தேகத்துக்காக மட்டும் இல்ல, பழைய ஒரிஜினல் பாகம் பல சமயம் புது டூப்ளிகேட்ட விட நல்லா இருக்கும், ரிப்பேர் பண்ணி வச்சுக்கலாம். கண்டென்சரே அப்படித்தான், புதுசா டப்பால வர்றது சிலது வாரக்கணக்குல போயிடுது, பாய் பழைய வண்டிங்கள்லேர்ந்து கழட்டின நல்ல கண்டென்சர சேத்து வச்சிருக்கறது அதனாலதான்.

வண்டிய விடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. எம்பளம், வீல் கப், குரோம் பீடிங், கண்ணாடி, ஸ்டெப்னி, டூல்ஸ், கார்பரேட்டர், டெல்கோ, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், எல்லாம். ஒரு நண்பரோட வண்டி பெயிண்டிங்குக்குப் போய் திரும்பி வந்தப்போ கார்பரேட்டர் வேறயா இருந்துச்சு, கேட்டா இதேதான் இருந்துச்சுன்னுட்டாங்க, போட்டோ இல்லாததால ஒண்ணும் பேச முடியல. இந்த சின்ன சாமானுங்களுக்கு இப்போ நல்ல விலை, காணாமப் போனா அந்த வருஷத்து மாடலுக்கு சரியானது மறுபடி கிடைக்கறது கஷ்டம்.

புதுப்பேட்டைக்கு தனியா போறத விட மெக்கானிக்க கூட்டிட்டுப் போறது நல்லது, அவருக்கு அன்னைக்கு கூலிய குடுத்துடுங்க. எந்தக் கடைல பழைய ஸ்டாக் பெட்டியோட இருக்கு, எதுல மேல பாலிஷ் போட்டு புதுசுன்னு விக்கறாங்கன்னு அவங்களுக்கு தெரியும். மும்பைல 2023 அக்டோபரோட பத்மினி டாக்ஸி மொத்தமா ரோட்டுலேர்ந்து போயிடுச்சு, அவ்வளவு டாக்ஸிக்கும் சாமான் செஞ்சு வித்துட்டிருந்தவங்க இனிமே எத்தனை நாள் செய்வாங்க? அதனால கிங் பின் செட், வீல் சிலிண்டர் கிட், பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் செட், பாயிண்ட், இதெல்லாம் நல்ல சரக்கா பாக்கும்போதே ரெண்டு செட் வாங்கி வச்சுடறேன். ரப்பர் சாமான மட்டும் ரொம்ப வருஷம் வைக்காதீங்க, வச்ச எடத்துலயே வெடிச்சுப் போகும்.

மெக்கானிக்க கண்டுபிடிக்க எங்க கேக்கறதுன்னா, மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி பழைய வண்டிக்காரங்க கூடற எடத்துல, ஷோவுல போய் பேசுங்க. ஷோவுல பளபளன்னு நிக்கற வண்டிய பாத்து மயங்காம, யாரு வண்டிய தினமும் ஓட்டறாங்கன்னு விசாரிச்சு அவங்க எங்க விடறாங்கன்னு கேளுங்க. வயசான ஆட்டோ டிரைவர், பழைய டிராவல்ஸ்காரங்க, ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்காரங்க, இவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. தூரம் பாக்காதீங்கன்னு சொல்வாங்க, நான் கொஞ்சம் பாப்பேன், டோ பண்ணி கொண்டு போகற தூரத்துல இருக்கணும், நடுவுல நாம நாலு தடவ போய் எட்டிப் பாக்கவும் முடியணும். நாம போய் நிக்கறது சந்தேகம் இல்ல, அக்கறைன்னு நல்ல மெக்கானிக்குக்கு தெரியும், ஸ்டூல எடுத்துப் போட்டு உக்காருங்கன்னுவாரு. உள்ள வராதீங்கன்னு சொல்ற எடத்துல எனக்கு மனசு ஒட்டல.

இன்னொரு முக்கியமான கேள்வி, அவருக்கு அப்புறம் யாரு? பாய்க்கு எழுபது வயசு, பசங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஷெட்டுல ஒரு பையன் இருக்கான், இருபது வயசுக்குள்ள, ஐடிஐ முடிச்சவன், கார்பரேட்டர பிரிச்சு மாட்ட நல்லா கத்துக்கிட்டான். என் வண்டிக்கு இப்போ டியூனிங் அவன்தான் பண்றான், பாய் பக்கத்துல நின்னு காத மட்டும் குடுத்துட்டிருப்பாரு. அவனுக்கு கொஞ்சம் அதிகமாவே நான் குடுக்கறேன், எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு வண்டிக்காரங்கள அவன்கிட்ட அனுப்பியும் விட்டேன், ஏன்னா இந்த வேலைல சோறு இருக்குன்னு தெரிஞ்சாதான் அவன் இருப்பான், இல்லன்னா டெலிவரி வேலைக்குப் போயிடுவான், அதுல தப்பு சொல்லவும் முடியாது. நீங்க மெக்கானிக் தேடும்போது ஷெட்டுல கத்துக்கற கை இருக்கான்னும் பாருங்க, பையன் கேள்வி கேட்டா பெரியவரு பொறுமையா பதில் சொல்றாரான்னு பாருங்க. பையன அடிச்சுத் திட்டி வேலை வாங்கற எடத்துல எந்த வேலையும் நிதானமா நடக்காது.

கடைசியா பேப்பர் விஷயம், பாடி வேலைக்கு விடறவங்களுக்கு. டிங்கரிங், பெயிண்டிங்னு இறங்கினா மாசக்கணக்குல ஆகும், நடுவுல ஆர்சி தேதி முடிஞ்சு போயிடலாம். 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்டிஓல வண்டியக் காட்டி ரினியூ பண்ணணும், பிரிச்சுப் போட்ட வண்டிய காட்ட முடியாது. 50 வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு பதிய 2021ல தனி விதி வந்துருக்கு, அதுல பதிஞ்சா தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, ஷோ, ராலி, சர்வீஸ், பெட்ரோல் போடறதுன்னு அதுக்கு மட்டும்தான், அதனால ஓட்டணும்னு நினைக்கறவங்க யோசிச்சுப் பண்ணுங்க. ஆர்சி தேதியையும் இன்சூரன்ஸ் தேதியையும் பாத்துட்டு, ரினியூவல் முடிச்ச கையோட பாடி வேலைக்கு விடுங்க, இன்ஜின் நம்பர் தேஞ்சிருந்தா ஆர்டிஓ போறதுக்கு முன்னாடியே மெக்கானிக்க வச்சு அழுக்கெடுத்து படிக்கற மாதிரி பண்ணிக்கோங்க, சேண்ட் பேப்பர் மட்டும் போட விடாதீங்க.